ஹைபிரிட் டர்போ: இரண்டு டர்போக்களின் பாகங்களை ஒன்றாகக் கோக்கும்போது எழும் கேள்விகள்

ஒரு டர்போவின் கம்ப்ரசரையும் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பக்கம்) இன்னொன்றின் டர்பைனையும் (புகைவாயு சுழற்றும் பக்கம்) எடுத்து ஒரே ஷாஃப்டில் ஓடவிடுவது பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பாகங்கள் பெஞ்சில் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் தொடங்குகிறார்கள். அந்த இரண்டு வீல்களும் எந்த வேகத்தில் சேர்ந்து சுற்றப்போகின்றன என்பதை முதலில் முடிவு செய்யச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஹைபிரிட் என்றால் மின்மோட்டார் உள்ள டர்போவா?

இல்லை. ஷாஃப்டில் மின்மோட்டார் பொருத்திய டர்போக்களும் உண்டு. 2014 முதல் 2025 வரை ஃபார்முலா 1 கார்களில் அப்படி ஓடின. இங்கே பேசுவது அதைவிடப் பழைய பொருளில்: கலப்பு டர்போ. சூடான பக்கம், அதாவது டர்பைன், ஒரு குடும்பம்; குளிர்ந்த பக்கம், அதாவது கம்ப்ரசர், வேறு குடும்பம்.

எதற்கு இந்தச் சிரமம்? பெரிய டர்போ ஒன்றையே வாங்கி மாட்டிவிடலாமே?

மாட்டலாம். ஆனால் முழுப் பெரிய டர்போ என்றால் டர்பைனும் பெரிது. சிறிய எஞ்சினின் புகைவாயு அதைச் சுழற்றிவிட நேரம் பிடிக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 4500 சுற்றை எட்டும் வரை ஒன்றுமே நடக்காது, அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். மறுபக்கம், கம்பெனி போட்ட சிறிய டர்போ சீக்கிரம் எழும்பும், ஆனால் மேல் சுற்றுகளில் காற்று தர முடியாமல் மூச்சு வாங்கும். கலப்பு டர்போ இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: எஞ்சினுக்குப் பழகிய அளவில் டர்பைன், அதைவிட ஓரளவு பெரிய கம்ப்ரசர். இன்னொரு வசதி, பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (சிலிண்டர்களின் புகைவாயுவைச் சேர்க்கும் குழாய்) டர்போ மாட்டும் அதன் ஃபிளேஞ்சும் அப்படியே இருக்கும்.

டி3/டி4 என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது ஏன் அவ்வளவு பிரபலம்?

காரெட் நிறுவனத்தின் டி3 டர்பைன் பக்கத்தில் டி4 குடும்பத்துக் கம்ப்ரசரைச் சேர்த்ததுதான் அது. 1978இல் வந்த சாப் 99 டர்போ போன்ற 2 லிட்டர் கார்களில் டி3 இருந்தது. ஆகவே அந்த அளவு எஞ்சினுக்கு அதன் டர்பைன் நன்றாகவே ஒத்துப்போகும். டி4 கம்ப்ரசர்கள் பெரிய எஞ்சின்களுக்கானவை. நல்வாய்ப்பாக இரண்டுக்கும் உள்ளே இருக்கும் பேரிங், சீல் எல்லாம் ஒரே வகை. ரிப்பேர் கிட்கூட பொதுவானதாகவே விற்கிறது. நடுவே ஒரு பேக்பிளேட் (கம்ப்ரசருக்குப் பின்னால் இருக்கும் தட்டு) மட்டும் மாறினால் பெரிய கம்ப்ரசர் ஹவுசிங் டி3யின் சென்டர் ஹவுசிங்கில் (பேரிங்குகள் இருக்கும் நடுக்கூடு) உட்கார்ந்துவிடும். முதல் முறை செய்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கண்டுபிடிக்க வேண்டியவை குறைவு.

அப்படியானால் எந்த டர்போவையும் எதனோடும் சேர்க்க முடியுமா?

முடியாது. பிரித்துப் போட்டால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டர்பைன் வீலும் ஷாஃப்டும் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே பாகம். வீலை மட்டும் கழற்றி இன்னொரு ஷாஃப்டில் போட வழியில்லை. ஆகவே ஷாஃப்டைத் தேர்ந்தெடுக்கும்போதே டர்பைனையும் பேரிங் அளவையும் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். கம்ப்ரசர் வீல் தனி. ஷாஃப்டின் மறுமுனையில் நுழைத்து நட் போட்டு இறுக்குவது. அதன் துளை ஷாஃப்டோடு மைக்ரான் கணக்கில் சரியாக இருக்க வேண்டும். துளை பெரிதாக இருந்தால் புஷ் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீல் மையத்திலிருந்து தலைமுடி அளவு விலகினாலும் போதும், மற்ற வேலை அத்தனையும் வீண்.

துளைக்கு அடுத்து வீலின் உயரம். பின்பக்கம் பேக்பிளேட்டில் உரசக்கூடாது, முன்பக்கம் நட்டுக்குப் போதுமான மரை மிஞ்ச வேண்டும். கடைசியாகச் சுழலும் திசை. இறக்கைகளின் சாய்வைப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனாலும் பார்க்காமலே வாங்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

என் எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

2 லிட்டர், நான்கு ஸ்ட்ரோக், 6000 சுற்று, 1 பார் பூஸ்ட் (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் சிலிண்டர் நிரம்பும். ஆகவே சுற்றுக்கு 1 லிட்டர், நிமிடத்துக்கு 6000 லிட்டர். சிலிண்டர் 90 சதவீதம் நிரம்புகிறது என்றால் 5400 லிட்டர், அதாவது 5.4 கன மீட்டர். 1 பார் பூஸ்டில், இன்டர்கூலரைத் தாண்டி 50 டிகிரியில் வரும் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 2.2 கிலோ. பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11.8 கிலோ காற்று. கம்ப்ரசர் மேப்கள் (கம்ப்ரசரின் திறனைக் காட்டும் வரைபடங்கள்) பெரும்பாலும் பவுண்டில் இருக்கும். அந்தக் கணக்கில் 26. பெட்ரோல் எஞ்சினில் ஒரு பவுண்டுக்கு ஒன்பதரை முதல் பத்து குதிரைத்திறன் என்று தோராயமாக எடுத்துக்கொண்டால் 250ஐ ஒட்டி வரும்.

அழுத்த விகிதத்தில், அதாவது கம்ப்ரசரின் வெளி அழுத்தத்தை உள் அழுத்தத்தால் வகுப்பதில், பலர் தவறுகிறார்கள். மீட்டர் 1 பார் காட்டினால் விகிதம் 2 என்று எழுதிவிடுகிறார்கள். இன்டர்கூலரும் குழாய்களும் 0.1 பார் சாப்பிட்டால் கம்ப்ரசர் வெளியே தள்ள வேண்டியது 2.11 பார். ஏர் ஃபில்டர் இழுவையால் உள்ளே வருவது 0.98 பார் மட்டுமே. வகுத்தால் 2.15. கம்ப்ரசர் உண்மையில் வேலை செய்யும் இடம் அதுதான்.

கம்ப்ரசர் மேப்பில் எதைப் பார்ப்பது?

செங்குத்தாக அழுத்த விகிதம், கிடையாகக் காற்றின் அளவு. நடுவே தீவு தீவாக வளையங்கள். ஒவ்வொன்றும் ஒரு திறன் சதவீதம். நீங்கள் கணக்கிட்ட 26, 2.15 என்ற புள்ளி எந்தத் தீவில் விழுகிறது என்று பாருங்கள். 27 டிகிரி காற்று 74 சதவீதத் தீவில் அழுத்தப்பட்டால் சுமார் 126 டிகிரியில் வெளியேறும். அதே வேலை 60 சதவீதத்தில் நடந்தால் 149 டிகிரி. 23 டிகிரி கூடுதல் சூடு. அதை இன்டர்கூலர் சுமக்க வேண்டும், முடியாததை எஞ்சின் நாக்கிங்காக (சிலிண்டரில் கலவை தானாக வெடிக்கும் தட்டல்) காட்டும்.

ஒரு புள்ளியோடு நிறுத்திவிடாதீர்கள். அதே பூஸ்ட் 3000 சுற்றிலேயே வந்துவிட்டால் காற்று பாதிதான், 13 பவுண்டு. அந்தப் புள்ளி மேப்பின் இடது ஓரக் கோட்டைத் தாண்டிவிட்டால் சர்ஜ். தள்ளிய காற்றைப் போக இடமில்லாமல் கம்ப்ரசர் திருப்பித் துப்பும், மறுபடி தள்ளும், மறுபடி துப்பும். ஆக்சிலேட்டரை மிதித்தபடியே இருக்கும்போது ஏர் ஃபில்டர் பக்கமிருந்து சடசடவென்று கேட்கும் அந்தச் சத்தத்தைச் சிலர் ரசிக்கிறார்கள். தயவுசெய்து ரசிக்காதீர்கள். ஒவ்வொரு சடசடப்பும் ஷாஃப்ட் முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பேரிங்கின் மீது விழும் அடி.

ட்ரிம், ஏ பை ஆர் என்கிறார்களே?

ட்ரிம் என்பது வீலின் சிறிய விட்டத்தைப் பெரிய விட்டத்தால் வகுத்து, இருமடி எடுத்து, நூறால் பெருக்குவது. உள்வாய் 53.9 மி.மீ., வெளிவிட்டம் 76.2 மி.மீ. என்றால் 50 ட்ரிம். வெளிவிட்டம் அதேயாக இருக்கும் வீல்களில் ட்ரிம் கூடினால் காற்று கூடும். வேறு வேறு குடும்பத்து வீல்களின் ட்ரிமை ஒப்பிட்டுப் பயனில்லை. டி3யின் 60 ட்ரிம் வீல், டி4 குடும்பத்து டி04இயின் 50 ட்ரிம் வீலைவிடச் சிறியது.

ஏ பை ஆர் என்பது ஹவுசிங்கின் நத்தைச் சுருள் வழியின் பரப்பை, அந்தப் பரப்பின் மையம் ஷாஃப்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதால் வகுத்த எண். கம்ப்ரசர் பக்கம் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். டர்பைன் பக்கம் இதுதான் எல்லாம். டி3க்கு .36, .48, .63, .82 என்று கிடைக்கின்றன. சிறிய எண் சீக்கிரம் எழுப்பும், மேலே கழுத்தை நெரிக்கும். சாலையில் ஓடும் 2 லிட்டருக்கு நான் .48 அல்லது .63 தாண்டிப் போகமாட்டேன்.

டர்பைன் சிறிதாகவே இருக்கட்டும், கம்ப்ரசரை மட்டும் இன்னும் இன்னும் பெரிதாக்கினால்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். ஒரே ஷாஃப்ட் என்பதால் இரண்டு வீலும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். அந்த வேகத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

கம்ப்ரசர் தரும் அழுத்தம் அதன் ஓரத்தின் வேகத்தைப் பொறுத்தது. 60 மி.மீ. வீலும் 76 மி.மீ. வீலும் ஒரே அழுத்தம் தர ஏறத்தாழ ஒரே ஓர வேகம் வேண்டும். ஆகவே பெரிய வீல் அதே பூஸ்டை ஐந்தில் ஒரு பங்கு குறைவான சுற்றில் தந்துவிடும். நல்லதுதானே என்று தோன்றும். டர்பைன் பக்கம் வந்து பாருங்கள். புகைவாயு முழுமையாக விரிந்தால் பெறக்கூடிய வேகத்தில் சுமார் 0.7 மடங்கு ஓர வேகம் இருக்கும்போதுதான் இந்த வகை டர்பைன் தன் முழுத் திறனைக் காட்டும். ஷாஃப்ட் மெதுவாகிவிட்டால் சிறிய டர்பைன் அந்த இடத்தைவிட்டுக் கீழே இறங்கிவிடும். வாயு வேகமாக வருகிறது, இறக்கை மெதுவாக நகர்கிறது, ஆற்றல் வீணாகிறது. அதே வேலையைச் செய்ய மேனிஃபோல்டில் இன்னும் அதிக அழுத்தம் வேண்டும். எரிந்த வாயு சிலிண்டரைவிட்டு வெளியேற முடியாமல் தங்கும், அடுத்த சுற்றின் காற்றைச் சூடாக்கும், நாக்கிங் வரும். பூஸ்ட் மீட்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லும். கார் மட்டும் ஓடாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு துளை போட்டு, சூடு ஆறும் அளவுக்கு நீளமான உலோகக் குழாய் ஒன்றைச் சுருட்டி எடுத்துவந்து மீட்டர் மாட்டுங்கள். பூஸ்ட் 1 பார் காட்டும்போது இது 2 பாரைத் தாண்டினால் டர்பைன் பக்கம் உங்கள் கம்ப்ரசருக்குப் போதவில்லை. பெரிய ஏ பை ஆர் ஹவுசிங், இல்லையென்றால் பெரிய டர்பைன் வீல். கம்ப்ரசரை மறுபடி மாற்றுவதில் பலனில்லை.

டீசல் கார் டர்போவைப் பெட்ரோல் எஞ்சினுக்குப் போடலாமா?

கம்ப்ரசர் பக்கம் எடுப்பதில் தவறில்லை. டர்பைன் பக்கம் யோசிக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினின் புகைவாயு முழு லோடில் 900 டிகிரியைத் தாண்டும். டீசலில் அதைவிட நூறு, நூற்றைம்பது டிகிரி குறைவு. டீசலுக்கென்று வார்த்த ஹவுசிங் பெட்ரோல் சூட்டில் வெடிப்பு விடும். அசையும் இதழ்கள் உள்ள டீசல் டர்போவில் அந்த இதழ்களே முதலில் இறுகி நின்றுவிடும். பெட்ரோலில் அசையும் இதழ் டர்போவே கிடையாது என்று சொல்லவரவில்லை. 2006இல் வந்த போர்ஷே 911 டர்போவில் உண்டு. அதற்கு அவர்கள் தனி உலோகம் பயன்படுத்தினார்கள்.

பாகங்களைக் கோத்து நட்டை இறுக்கிவிட்டேன். பேலன்ஸ் செய்தே ஆக வேண்டுமா?

ஆமாம். இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது.

76.2 மி.மீ. வீல் நிமிடத்துக்கு 120,000 சுற்றில் ஓடும்போது அதன் ஓரம் நொடிக்கு 479 மீட்டர் வேகத்தில் போகிறது, ஒலியைவிட வேகம். மையத்திலிருந்து 25 மி.மீ. தள்ளி 0.1 கிராம் மட்டும் கூடுதலாக இருக்கட்டும், ஒரு சின்ன உலோகத் துணுக்கு. அந்த வேகத்தில் அது சுமார் 40 கிலோ எடைக்குச் சமமான விசையோடு ஷாஃப்டை இழுக்கும். அந்த இழுப்பு நொடிக்கு 2000 முறை சுற்றிச் சுற்றி வரும். அதைத் தாங்குவது சில மைக்ரான் கனமுள்ள ஆயில் படலம்.

முதலில் பாகங்களைத் தனித்தனியாகவும், பின் முழுதாகக் கோத்து வேகமாக ஓடவிட்டும் பேலன்ஸ் செய்ய வேண்டும். டர்போ வேலைக்கென்றே இயந்திரம் வைத்திருப்பவர்களிடம்தான் இது முடியும். சக்கரம் பேலன்ஸ் செய்யும் கடையில் நடக்காது. பேலன்ஸ் முடிந்ததும் ஷாஃப்ட், வீல், நட் மூன்றின் மீதும் ஒரே கோட்டில் குறி வையுங்கள். மறுபடி கழற்ற நேர்ந்தால் அதே இடத்தில் கோக்கலாம்.

நட்டை இறுக்கும்போது இரட்டை மூட்டு உள்ள டி வடிவக் கைப்பிடி பயன்படுத்துங்கள். சாதாரண ஸ்பானரின் பக்கவாட்டு அழுத்தமே அந்த மெல்லிய ஷாஃப்டை வளைத்துவிடும், கண்ணுக்குத் தெரியாத அளவில். சில டர்போக்களில் இந்த நட் இடது மரை. தெரிந்துகொண்டு கை வையுங்கள்.

பெரிய வீலுக்காகப் பழைய ஹவுசிங்கையே லேத்தில் கடைந்து கொள்ளலாமா?

கலப்பு டர்போக்களில் பாதி அப்படித்தான் உருவாகின்றன. கேஸ்கெட், மேனிஃபோல்டு, குழாய் எல்லாம் மாறாமல் உள்ளே மட்டும் வீல் பெரிதாகும். வாயை மட்டும் நேராகக் கடைந்தால் போதாது. இறக்கையின் வளைவு எப்படிப் போகிறதோ ஹவுசிங்கின் உள்வளைவும் அப்படியே தொடர வேண்டும். இடைவெளி ஒரு மி.மீ.யில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும். அதிகமானால் காற்று இறக்கை நுனியைத் தாண்டித் திரும்பிக் கசியும், குறைந்தால் உரசும்.

ஒரு முறை 300 கிலோமீட்டர் ஓடிய டர்போவைத் திறந்தபோது, ஹவுசிங்கின் உள்சுவரில் ஒரு பக்கம் மட்டும் நகக்கண் அளவுக்குப் பிறைபோலப் பளபளப்பு இருந்தது. இறக்கை நுனிகள் எல்லாம் ஒரே மாதிரி லேசாக மழுங்கியிருந்தன. சுற்றிலும் தேய்ந்திருந்தால் இடைவெளி போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் என்றால் கடைந்தபோது மையம் தப்பிவிட்டது. டயல் கேஜ் வைத்து அளந்ததில் 0.2 மி.மீ. விலகல். அன்றிலிருந்து ஹவுசிங்கை லேத்தில் பிடிக்கும்போது பேக்பிளேட் உட்காரும் விளிம்பை வைத்துத்தான் மையம் பார்க்கிறேன், வெளி வாயை வைத்து அல்ல.

ஷாஃப்டை விரலால் ஆட்டினால் ஆடுகிறது. போய்விட்டதா?

பக்கவாட்டில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். இந்த பேரிங்குகள் ஆயிலில் மிதப்பவை. ஆயில் இல்லாதபோது அந்த இடம் காலி. வீல் ஹவுசிங்கைத் தொடாத வரை பயமில்லை. முன்னும் பின்னும் நகர்வதுதான் முக்கியம். டி3, டி4 வகையில் அது 0.03 முதல் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், டயல் கேஜில். விரலுக்கே தெரிகிறது என்றால் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது. பழைய டி3களில் த்ரஸ்ட் பேரிங் முக்கால் வட்டம்தான், 270 டிகிரி. பெரிய கம்ப்ரசர், கூடுதல் பூஸ்ட் என்று போகும்போது 360 டிகிரி பேரிங்கை மாற்றிவிடுங்கள்.

புதிதாகக் கோத்த டர்போ நீலப் புகை விடுகிறது. சீல் மாற்றியும் நிற்கவில்லையே?

சீலை விட்டுவிட்டு ஆயில் திரும்பும் குழாயைப் பாருங்கள். டர்போவில் இருக்கும் சீல் ரப்பர் கிடையாது. பிஸ்டன் ரிங் போன்ற ஒரு உலோக வளையம். ஆயில் தேங்கினால் அதைத் தடுத்து நிறுத்தும் வேலைக்கு அது படைக்கப்படவில்லை. மேலே அழுத்தத்தோடு வரும் ஆயில், பேரிங்கைத் தாண்டியதும் நுரைத்துப்போய், வெறும் புவியீர்ப்பில்தான் கீழே வடிகிறது. அந்த வழி அகலமாகவும் தொடர்ந்து சரிவாகவும் இருக்க வேண்டும்.

நானே இதில் மூன்று முறை சீல் மாற்றி வாரக்கணக்கில் அலைந்தேன். நான்காவது முறை காருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தபோதுதான் தெரிந்தது: குழாய் சம்ப்பை (எஞ்சினடியில் ஆயில் சேரும் தொட்டி) எட்டுவதற்குச் சற்று முன்பு தொய்ந்து, விரல் ஆழத்துக்கு ஒரு பள்ளம். அதில் எப்போதும் ஆயில் நின்றுகொண்டிருந்தது. குழாயை இரண்டு அங்குலம் வெட்டிக் குட்டையாக்கினேன், புகை அன்றே நின்றது.

குழாய் சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். சென்டர் ஹவுசிங்கின் வடிகால் வாய் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது. ஹவுசிங்குகளைத் திருப்பி உங்கள் மேனிஃபோல்டுக்கு ஏற்ப அமைக்கும்போது இதுதான் மறந்துபோகும். எஞ்சினுக்குள் பிஸ்டன் தாண்டிக் கசியும் வாயு அதிகமாக இருந்தாலும் ஆயில் இறங்காது. அந்த வாயு வெளியேறும் வழியான பிரீதர் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேஸ்ட்கேட் பழையதே போதுமா?

வேஸ்ட்கேட் என்பது மிகுதிப் புகைவாயுவை டர்பைனைச் சுற்றி வெளியே விட்டுப் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவு. டர்பைன் சிறிதாக, கேட் துளையும் சிறிதாக இருந்தால் உயர் சுற்றுகளில் பூஸ்ட் சொன்ன இடத்தில் நிற்காது, தானாக ஏறிக்கொண்டே போகும். கேட்டின் துளையைப் பெரிதாக்கி அதற்கேற்ற மூடி போடுவது முதல் தீர்வு. அடங்காவிட்டால் தனி வேஸ்ட்கேட்.

இன்ஜெக்டர், ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பக்கம்?

டர்போவுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள். மேலே போட்ட கணக்கில் நிமிடத்துக்கு 11.8 கிலோ காற்று. பூஸ்டில் 12க்கு 1 என்ற கலவை என்றால் ஒரு கிலோவை ஒட்டிய பெட்ரோல், சுமார் 1.3 லிட்டர். நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்து, 85 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக்கூடாது என்று வைத்தால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 390 சிசி தர வேண்டும். பம்பும் அந்த அழுத்தத்தில் அவ்வளவு தருகிறதா என்று அளந்து பாருங்கள். ஈசியு மேப்பைச் சரிசெய்யாமல், கலவை காட்டும் மீட்டர் இல்லாமல் பூஸ்டில் ஓட்டவே வேண்டாம்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது?

புதிய ஆயில், புதிய ஃபில்டர். டர்போவின் ஆயில் வாயில் எண்ணெய்க் கேனால் ஊற்றி, ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். இக்னிஷனையும் இன்ஜெக்டரையும் துண்டித்துவிட்டு, ஆயில் அழுத்தம் தெரியும் வரை ஸ்டார்ட்டரை மட்டும் ஓட்டுங்கள். வடிகால் குழாயைக் கழற்றி ஒரு டப்பாவில் வைத்தால் ஆயில் உண்மையிலேயே வந்து சேர்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். வந்ததும் குழாயை மாட்டி, ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். ஹவுசிங்கில் முதலில் வரும் புகை கோக்கும்போது தடவிய எண்ணெய் எரிவது, சில நிமிடத்தில் நின்றுவிடும்.

ஆறியதும் டர்பைன் ஹவுசிங் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். அப்புறம் ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிக் கம்ப்ரசர் நட்டைப் பாருங்கள். வீலுக்கும் நட்டுக்கும் போட்ட குறிக்கோடு நேராக இருந்தால் குழாயை மாட்டலாம். கொஞ்சம் விலகியிருந்தாலும் அன்று காரை எடுக்க வேண்டாம். சென்டர் ஹவுசிங்கைக் கழற்றிப் பேலன்ஸுக்குத் திருப்பி அனுப்புங்கள்.